விளம்பரத்தைத் தடுப்பது குற்றமாகலாமா?

காலையில் வாசலில் விழும் நாளிதழை எடுக்கிறோம். முதல் பக்கத்தை முழுப்பக்க விளம்பரம் மூடியிருக்கிறது. அந்தத் தாளை உருவி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் செய்தியைப் படிக்கிறோம். இதற்காக எந்த வாசகர் மீதும் வழக்குப் பாய்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இதே வேலையைக் கணினியில் ஒரு சிறு மென்பொருள் நமக்காகச் செய்தால், அது பதிப்புரிமை மீறல் ஆகிவிடுமா? ‘ஆகாது’ என்று சொல்லி முடித்துவைக்கும் வாய்ப்பு ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்கு 2025 ஜூலை 31 அன்று இருந்தது. அது அப்படிச் சொல்லவில்லை. இன்னொரு முறை விசாரியுங்கள் என்று வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

ஜெர்மனியில் நடக்கும் வழக்கு நமக்கு எதற்கு என்று தோன்றலாம். அங்கே பேசப்படுவது ஒரு மென்பொருளைப் பற்றி மட்டும் இல்லை. நம் கருவிக்கு வந்து சேர்ந்த ஒரு பக்கத்தை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அனுப்பியவர் ஆணையிட முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு ஒரு பெரிய நாட்டின் நீதிமன்றம் ‘முடியும்’ என்று சொல்லிவிட்டால், அந்த வாதம் அந்த நாட்டோடு நின்றுவிடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைத் தாங்கி வரும் நாளிதழும் விளம்பர வருவாயில்தான் வாழ்கிறது. எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் சன்மானத்திலும் அந்தப் பணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் வாசகரின் பக்கம் நின்று பேசுகிறேன்.

இருபது ஆண்டுச் சண்டை

வழக்குத் தொடுத்தது ஆக்சல் ஸ்பிரிங்கர். ‘பில்ட்’, ‘டி வெல்ட்’ ஆகிய நாளிதழ்களை நடத்தும் பெரும் பதிப்பகம். எதிர்த்தரப்பு, ‘ஆட்பிளாக் பிளஸ்’ என்ற விளம்பரத் தடுப்பானை வெளியிடும் கொலோன் நகர நிறுவனம்.

முதல் சுற்றில் பதிப்பகம் வைத்த வாதம், ‘இது நியாயமற்ற வணிகப் போட்டி’ என்பது. 2018 ஏப்ரல் 19 அன்று இதே உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. தடுப்பானை நிறுவுவதா வேண்டாமா என்பது வாசகர் எடுக்கும் முடிவு. பதிப்பாளருக்கும் வழி இல்லாமல் போகவில்லை, தடுப்பான் வைத்திருப்பவரை உள்ளே விடாமல் கதவைச் சாத்தலாம் என்றது. ‘பில்ட்’ இணையதளம் 2015 அக்டோபரிலேயே அதைச் செய்திருந்தது: தடுப்பானை அணையுங்கள், அல்லது மாதச் சந்தா கட்டுங்கள்.

இன்னும் பின்னால் போனால் 2004. விளம்பர இடைவேளை வந்ததும் தொலைக்காட்சியைத் தானாக வேறு சேனலுக்கு மாற்றிவிடும் ஒரு கருவி அதற்கு முன்பே ஜெர்மனியில் விற்பனைக்கு வந்திருந்தது. அதன் மீது ஒரு தனியார் தொலைக்காட்சி வழக்குப் போட்டது. கருவி செல்லும் என்றே அன்றும் தீர்ப்பானது. ஆக, பார்ப்பவர் விளம்பரத்தை ஒதுக்கலாம் என்பது அந்த நாட்டு நீதிமன்றங்களுக்குப் புதிய விஷயமே இல்லை.

போட்டிச் சட்டம் கைகொடுக்காததால் பதிப்பகம் பதிப்புரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தது. எங்கள் இணையப் பக்கத்தின் நிரல் ஒரு கணினி மென்பொருள். வாசகரின் கருவியில் அது விரியும்போது தடுப்பான் உள்ளே நுழைந்து அதை மாற்றுகிறது. எங்கள் அனுமதி இல்லாமல் எங்கள் மென்பொருளைத் திருத்துவது பதிப்புரிமை மீறல். இதுதான் இப்போதைய வாதம்.

ஹாம்பர்க் நீதிமன்றம் 2022-இல் இதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023-இல் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2025-இல் சொன்னது இவ்வளவுதான்: பக்கத்தின் நிரலில் எந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு, தடுப்பான் தொடுவது அந்தப் பகுதியைத்தானா என்பதைக் கீழ் நீதிமன்றம் போதிய அளவு ஆராயவில்லை, மீறல் நடந்திருக்கவே முடியாது என்று இப்போதே சொல்லிவிட முடியாது. தடுப்பான் சட்டவிரோதம் என்று இதுவரை எந்தத் தீர்ப்பும் இந்த வழக்கில் வரவில்லை. ஆனால் அடைத்திருந்த கதவு திறந்துவிட்டது.

கணினிக்குள் நடப்பது என்ன?

செய்தித் தளத்தின் முகவரியைத் தட்டியதும் நமக்கு வந்து சேர்வது அச்சிட்ட பக்கம் இல்லை. ‘தலைப்பை இங்கே வை, படத்தை அங்கே வை, விளம்பரத்தை இன்ன முகவரியில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்’ என்கிற குறிப்புகள்தாம் வருகின்றன. அவற்றைப் படித்து, நம் கருவியின் நினைவகத்தில் பக்கத்தைக் கட்டி எழுப்புவது பிரவுசரின் வேலை.

தடுப்பான் இரண்டு இடங்களில் குறுக்கிடுகிறது. விளம்பரம் கேட்டு வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகவிருக்கும் கோரிக்கையை நிறுத்துகிறது. விளம்பரம் வராததால் காலியாக நிற்கும் கட்டத்தை மறைக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர், வேண்டாத பதார்த்தம் வரும்போது இலைக்கு மேலே கையை நீட்டி மறுப்பதைப் போன்றது இது. சமையற்காரரின் கைப்பக்குவத்தை யாரும் மாற்றவில்லை. இலையில் விழுவதை மட்டும் மறுக்கிறோம். பதிப்பகத்தின் சர்வரில் இருக்கும் நிரலில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. அடுத்த வாசகருக்கு அது முழுசாகவே போகிறது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 17 அன்று இதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. சோனியின் கைக்கடக்கமான விளையாட்டுக் கருவியில் விளையாடுபவர் கூடுதல் சலுகை பெற வழிசெய்யும் மென்பொருளை ஒரு நிறுவனம் விற்றது. விளையாட்டின் நிரலைத் தொடாமல், அது ஓடும்போது நினைவகத்தில் எழுதும் மதிப்புகளை மட்டும் மாற்றினால் அது மென்பொருள் பதிப்புரிமையை மீறாது என்றது நீதிமன்றம். எனக்கு அது சரியான வழியாகப் படுகிறது. நூலை எழுதியவருக்கு நூலின் மீது உரிமை உண்டு. படிப்பவர் எந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படிக்கிறார் என்பதன் மீது உரிமை இல்லை.

தமிழ் வாசகருக்குத் தெரிந்த கதை

நாற்பது வயதைத் தாண்டிய, கணினியில் தமிழ் படித்த எவருக்கும் இது நினைவிருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தில் தமிழ்ச் செய்தித் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அந்த எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் திரையில் தெரிவதெல்லாம் கட்டங்களும் புரியாத ரோமன் எழுத்துகளும்தான். ஊரிலிருந்து வந்த செய்தியை வெளிநாட்டில் உட்கார்ந்து படிக்கத் தவித்தவர்கள் எத்தனை பேர்!

அப்போது ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு ‘பத்மா’ என்று ஒரு எக்ஸ்டென்ஷன் வந்தது. நாளிதழின் சொந்த எழுத்துருவில் வரும் பக்கத்தை, அது திரையில் விரியும் கணத்திலேயே யூனிகோடாக மாற்றித் தந்தது. தெலுங்கு, தமிழ், மலையாளம் என்று பல மொழிகளுக்கு உதவியது. படிக்க முடியாத பக்கம் படிக்கக்கூடிய பக்கமாயிற்று.

பத்மா செய்த வேலையைச் சட்டப் புத்தகத்தின் மொழியில் சொல்லிப்பாருங்கள். பதிப்பாளரின் அனுமதி இல்லாமல், அவர் அனுப்பிய பக்கத்தை, வாசகரின் நினைவகத்தில், எழுத்து எழுத்தாக மாற்றியது. ஆக்சல் ஸ்பிரிங்கரின் வாதப்படி இதுவும் திருத்தம்தான். விளம்பரத்தை மறைப்பதைவிடப் பெரிய திருத்தம்.

இன்றைக்கும் இப்படிப்பட்ட கருவிகள் நம் கைகளில் உள்ளன. ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்துக் காட்டும் வசதி பக்கத்தை மாற்றுகிறது. கண் மங்கியவருக்காக எழுத்தைப் பெரிதாக்கும் வசதி மாற்றுகிறது. பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு இடைஞ்சலான பகுதிகளை நீக்கித் தரும் கருவிகள் மாற்றுகின்றன. இரவில் கறுப்புப் பின்னணி தரும் வசதி, கடவுச்சொல்லை நிரப்பித் தரும் வசதி எல்லாமே அனுப்பியவர் வரைந்த பக்கத்தில் கைவைக்கின்றன. விளம்பரத் தடுப்பானை மட்டும் தனியே பிரித்துக் குற்றமாக்கும் கோட்டைப் பதிப்புரிமைச் சட்டத்தால் போட முடியாது. அந்த வாதம் ஜெயித்தால் இவை எல்லாமே பதிப்பாளரின் தயவில்தான் இயங்க வேண்டியிருக்கும்.

ஏன் தடுக்கிறார்கள்?

விளம்பரம் தொல்லை என்பதால் மட்டும் மக்கள் தடுப்பானைத் தேடவில்லை. என் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தொலைந்த பார்சலைப் பற்றி விசாரிக்க மடிக்கணினியில் கூரியர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடியிருக்கிறார். தேடலில் முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். அது யாரோ காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த விளம்பரம். மறுமுனையில் இருந்தவன் மோசடிக்காரன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதி போனது. ‘விளம்பரம்’ என்ற சொல் அங்கே இருக்கத்தான் செய்தது, அவர் கண்ணுக்குத் தெரியாத அளவில்.

இது அவருடைய அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பிரபல நிறுவனங்களின் பெயரில் தேடல் விளம்பரம் வாங்கி மோசடி நடக்கிறது. இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்துங்கள் என்று அதில் வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. ஒரு நாட்டின் காவல் அமைப்பு பூட்டு என்று சொல்லிக் கையில் கொடுப்பதை, இன்னொரு நாட்டில் திருட்டுச் சாவி என்று வழக்காடுகிறார்கள்.

நம்பகமான தளம் என்பதும் காப்பு இல்லை. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற தளங்களில் ஓடிய விளம்பரங்கள் வழியாகவே பணம் பறிக்கும் மென்பொருள் வாசகர்களின் கணினிகளைக் குறிவைத்தது. செய்தியைத் தேர்ந்தெடுத்தது ஆசிரியர் குழு. விளம்பரத்தை அனுப்பியது, அந்தக் குழுவுக்கே முகம் தெரியாத ஏதோ ஒரு வலைப்பின்னல்.

அந்த வலைப்பின்னலின் அடிப்படையே ஏலம். பக்கம் திறக்கும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குள், நாம் யார், எந்த ஊரில் இருக்கிறோம், எதைப் படிக்கிறோம் என்ற குறிப்புகள் பல நிறுவனங்களுக்குப் போகின்றன. அதிக விலை கேட்டவருக்கு இடம் கிடைக்கிறது; தோற்றவருக்கும் குறிப்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அயர்லாந்து சிவில் உரிமைக் குழு 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஓர் அமெரிக்கரின் விவரம் இப்படி நாளொன்றுக்குச் சராசரியாக 747 முறை ஏலத்துக்குப் போகிறது. நோயைப் பற்றியோ கடனைப் பற்றியோ தேடிப் படித்தவருக்கு இது என்ன விளைவைத் தரும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதோடு டேட்டா செலவு. தினசரி அளவு வைத்து ரீசார்ஜ் செய்கிறவர், தான் கேட்காத வீடியோ விளம்பரத்துக்கும் தன் பையிலிருந்தே கொடுக்கிறார்.

பத்திரிகைகளின் வலி உண்மையானது

மறுபக்கத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். நிருபரை மலைக்கிராமத்துக்கு அனுப்பவும், நீதிமன்றத்தில் மூன்று நாள் உட்காரவைக்கவும் பணம் வேண்டும். இலவசமாகப் படிக்கக் கொடுக்கும் தளத்துக்கு விளம்பரம்தான் அந்தப் பணம். எல்லோரும் தடுத்தால் சிறிய மாவட்டப் பத்திரிகைதான் முதலில் மூடும்.

தடுப்பான் நிறுவனங்களும் எல்லா விஷயத்திலும் பரிசுத்தமானவை இல்லை. ஆட்பிளாக் பிளஸ், ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இடம்பெறும் பெரிய நிறுவனங்களிடம், அதனால் கிடைக்கும் கூடுதல் வருவாயில் 30 சதவீதம் வாங்குகிறது. சாலையை மறித்துவிட்டுச் சுங்கம் வசூலிப்பதாகப் பதிப்பாளர்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. 2016-இல் கொலோன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படித்தான் கருதியது. 2018 தீர்ப்பு அதை மாற்றியது. எனக்கும் அந்த ஏற்பாடு உவப்பாக இல்லை. ஆனால் அதற்கு மாற்று ஏற்கெனவே இருக்கிறது. ‘யூபிளாக் ஆரிஜின்’ யாரிடமும் பணம் வாங்காத திறந்தமூல மென்பொருள். அதை உருவாக்கியவர் நன்கொடைகூட ஏற்பதில்லை.

பத்திரிகைகளுக்கு வர வேண்டிய பணம் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கத்துக்காக பிடபிள்யூசி நிறுவனம் 2020-இல் ஓர் ஆய்வு செய்தது. விளம்பரதாரர் செலவழித்த தொகையில் 51 சதவீதமே பதிப்பாளரைச் சென்றடைந்தது. இடைத்தரகர்களின் கட்டணத்தைக் கழித்த பிறகும் 15 சதவீதம் எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கூகுள் விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பத்திரிகையின் பானையில் பெரிய ஓட்டை இருப்பது இந்தப் பக்கம். வாசகரின் கருவி மீது வழக்குப் போட்டு அதை அடைக்க முடியாது.

அந்த கூகுள்தான் உலகில் மிக அதிகம் பேர் பயன்படுத்தும் குரோம் பிரவுசருக்கும் சொந்தக்காரர். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை அது மாற்றியதால் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் குரோமில் இயங்க முடியாமல் போனது. திறன் குறைந்த ‘லைட்’ வடிவமே மிஞ்சியது. பாதுகாப்புக்காகச் செய்தோம் என்கிறது கூகுள். காரணம் எதுவானாலும், விளம்பரம் விற்பவரே நாம் பார்க்கும் கண்ணாடியையும் செய்து தருகிறார் என்பது கவலைக்குரிய நிலைமை. சட்டமே தேவையில்லாமல் ஓர் உரிமை இப்படிச் சுருங்கிப்போக முடியும்.

யார் தடுக்கிறார் என்பது முக்கியம்

நான் ஆதரிப்பது வாசகர் தன் கருவியில் தடுப்பதை. இணைய இணைப்புத் தரும் நிறுவனம் நம்மைக் கேட்காமல் தடுப்பது வேறு. 2013 ஜனவரியில் பிரான்ஸின் ‘ஃப்ரீ’ நிறுவனம் தன் சந்தாதாரர்களின் இணைப்புப் பெட்டியில் விளம்பரத் தடுப்பைத் தானாகவே இயக்கிவிட்டது. அரசு தலையிட்டது, சில நாட்களில் அது கைவிடப்பட்டது. தலையிட்டது சரி. குழாயின் சொந்தக்காரர் இன்று விளம்பரத்தை நிறுத்தினால் நாளை செய்தியை நிறுத்துவார்.

மறுகோடியில் சீனா இருக்கிறது. பிறர் சட்டப்படி வெளியிடும் விளம்பரங்களைத் தடுக்கும் செயலிகளையும் கருவிகளையும் அந்த நாட்டின் 2016-ஆம் ஆண்டு இணைய விளம்பர விதிகள் தடைசெய்தன. குடிமக்கள் எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்யும் அரசே, எதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் முடிவுசெய்தது. ஜெர்மனி இந்த வரிசையில் இரண்டாவது நாடாகிவிடக் கூடாது என்று ஃபயர்பாக்ஸை வெளியிடும் மொசில்லா 2025 ஆகஸ்டில் எச்சரித்தது.

என்ன செய்யலாம்?

இந்தியாவில் விளம்பரத் தடுப்பானைத் தடைசெய்யும் தனிச்சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஜெர்மனியில் எழுந்த வாதம் இங்கே எழாது என்றும் சொல்ல முடியாது; நம் பதிப்புரிமைச் சட்டமும் கணினி மென்பொருளைப் பாதுகாக்கிறது. அந்தச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் அதைத் தன் பயன்பாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ள ஓரளவு இடம் தருகிறது. தன் சொந்தக் கருவியில், தன் சொந்தப் பார்வைக்காக, வந்துசேர்ந்த பக்கத்தின் தோற்றத்தை ஒருவர் மாற்றிக்கொள்வது மீறல் ஆகாது என்று அதே பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்துவிட்டால் மொழிபெயர்ப்பு, எழுத்துப் பெரிதாக்கம், தடுப்பான் எல்லாமே ஒரே குடையின் கீழ் வந்துவிடும். இதை நாடாளுமன்றம் வழக்கு வருவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. செய்தி போல வேடமிடும் விளம்பரம், விடாமல் நச்சரிக்கும் சாளரம் ஆகியவை அதில் உண்டு. விதி ஏட்டில் இருக்கிறது. தண்டனை தெருவுக்கு வர வேண்டும். வங்கி, கூரியர், எரிவாயு, மருத்துவமனை ஆகியவற்றின் பெயரில் தேடல் விளம்பரம் வாங்குகிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் வெளியிட்டால், ஏமாந்தவரின் இழப்பில் தேடுபொறி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்று ஆக்க வேண்டும். ஓய்வூதியத்தை இழந்த அந்த ஆசிரியைக்கு அப்படி ஒரு விதி இருந்திருந்தால் கேட்க ஓர் ஆள் இருந்திருப்பார்.

18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்ய வகைசெய்கிறது. பிள்ளைகள் புழங்கும் தளங்களில் இதை யார், எப்படிச் சோதிப்பார்கள் என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதுவரை பெற்றோர் கையில் இருக்கும் ஒரே தடுப்பு, தடுப்பான்தான்.

பத்திரிகைகள் பின்தொடராத விளம்பரத்துக்குத் திரும்பலாம். நெதர்லாந்தின் பொது ஒளிபரப்புக்கு விளம்பரம் விற்கும் ‘ஸ்டெர்’ அமைப்பு, வாசகரை உளவறியும் குக்கீகளை 2020 தொடக்கத்தில் அடியோடு நிறுத்தியது. படிப்பது சமையல் குறிப்பு என்றால் சமையல் எண்ணெய் விளம்பரம் என்ற பழைய முறைக்குப் போனது. அடுத்த மாதங்களில் வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. அச்சு நாளிதழ் எப்போதும் செய்துவந்தது இதுதான். கூடவே, ஒரு தேநீர் விலைக்கு ஒரு வாரச் சந்தாவை யுபிஐ மூலம் கட்டும் வசதியைத் தமிழ்த் தளங்கள் தர வேண்டும். தடுப்பான் வைத்திருப்பவரை உள்ளே விடாமலிருக்கவும் தளத்துக்கு உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

வாசகர்களுக்கு: தடுப்பானை நிறுவும்போது பிரவுசரின் அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து எடுத்தாலும், வெளியிட்டவர் பெயரை ஒருமுறை சரிபாருங்கள். 2018-இல் குரோம் கடையிலேயே போலித் தடுப்பான்கள் பிடிபட்டன. நீங்கள் நம்பும் சிறு பத்திரிகையின் தளம் மரியாதையாக விளம்பரம் காட்டினால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைத்துவிடுங்கள், ஒரு சொடுக்குதான். விளம்பரத்தில் கிடைத்த எண்ணுக்குப் பேசி ஏமாந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

மாநில அரசு நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இ-சேவை மையங்கள், அரசுப் பள்ளிக் கணினி ஆய்வகங்கள், நூலகங்கள் ஆகியவற்றின் கணினிகளில் திறந்தமூலத் தடுப்பான் ஒன்றை நிறுவ ஒரு சுற்றறிக்கை போதும். சாதிச் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க வருகிறவர்கள் போலித் தளங்களின் விளம்பரத்தில் விழுந்துவிடாமல் இருக்க அது உதவும். அதற்குக் கூடுதல் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.